தட்டைக் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு சரிக்குறி

ரோலண்ட் ஸ்டக்கியிடம் துப்பாக்கி இருந்தது, பேட்ஜ் இருந்தது, யாரை வேண்டுமானாலும் கைது செய்ய மத்திய அரசு கொடுத்த அதிகாரம் இருந்தது. இல்லாதது ஒன்றுதான். அப்படி ஓர் ஆள் இருப்பது யாருக்கும் தெரியாது.

பதினோரு வருஷம் அவருக்கு நான் குமாஸ்தா. டெனசி மலையில் நாற்பது மைல் நீளத்துக்கு ஒரு காடு, அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் பூங்கா. அங்கே குப்பை லாரி நிறுத்தும் கொட்டகைக்குப் பின்னால் எங்களுக்கு இரண்டு அறை. கதவில் ‘புலனாய்வுப் பிரிவு’ என்று பெரிதாக எழுதியிருக்கும். கழிப்பறை எங்கே என்று கேட்கத்தான் ஜனங்கள் அதைத் தட்டுவார்கள். ரோலண்ட் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்து போய், “இடதுபக்கம் திரும்புங்க” என்று சொல்லிவிட்டு வருவார்.

சாப்பாட்டுக் கடையில் சுற்றுலாக்காரர்கள் யாராவது பேச்சுக் கொடுத்தால் போதும், மனுஷனுக்கு நாக்கு துருதுருக்கும்.

“நீங்க என்ன வேலைங்க பாக்குறீங்க?”

“மத்திய அரசுப் புலனாய்வாளர்.”

“அட, எஃப்.பி.ஐ.யா!”

“இல்லைங்க, அது வேற. இது காட்டுப் பக்கம்.”

“ஓகோ. அப்போ இந்தக் கரடிங்களுக்கெல்லாம் நீங்கதான் சோறு போடுறீங்களா?”

பீன்ஸும் சோளரொட்டியும் அப்படியே ஆறிப்போகும். பிரிந்துபோன மனைவி ஒஹையோவில் இருந்தாள். அப்பா காட்டில் வாட்ச்மேன் என்றுதான் மகள்களிடம் சொல்லி வைத்திருந்தாள். அதை என்னிடம் பத்துத் தடவையாவது சொல்லிப் புலம்பியிருப்பார். வாட்ச்மேன் வேலைக்கு என்ன குறைச்சல் என்று நானும் பத்துத் தடவை கேட்டிருப்பேன்.

வேலையும் அப்படித்தான். கூடாரத்தில் திருட்டுப்போன ஜெனரேட்டர், மான்கொம்பு பொறுக்கியவன், பாறையில் காதலி பெயரைச் செதுக்கியவன். அந்தச் செதுக்கியவனை ஏழு மாதம் தேடி, மூன்று மாநிலம் தாண்டிப் பிடித்துக்கொண்டு வந்தார். அதற்குள் அந்தப் பெண் வேறொருவனைக் கட்டிக்கொண்டிருந்தாள். மேஜை இழுப்பறை நிறையத் துப்பறியும் நாவல்கள் வைத்திருப்பார். ஒன்றை முடித்ததும் என் மேஜையில் போட்டுவிட்டு, “இதுலயும் நம்ம பிரிவு இல்ல, மிஸ் வெர்டா” என்பார், ஏதோ பத்திரிகை வைக்க மறந்துபோன சொந்தக்காரனைப் பற்றிக் குறைசொல்வதுபோல.

நான் அந்த மாதிரிப் புத்தகம் தொடுவதில்லை. முதல் பக்கத்தில் மூடுபனி, மூன்றாம் பக்கத்தில் பிணம், கடைசிப் பக்கத்தில் எல்லாரையும் ஒரே அறையில் உட்காரவைத்து ஒரு பிரசங்கம். படிக்கிறவர்களுக்குப் பொழுது போகவில்லை என்றால் தோட்டத்தில் களை பிடுங்கலாம். இதை நான் ரோலண்டின் முகத்துக்கு நேராகவே சொல்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அவர் உருப்படியாகச் செய்த காரியம் ஒன்று உண்டு. அதை மறைப்பது நியாயமில்லை.

எங்கள் மலையில் ஜின்செங் கிழங்கு விளைகிறது. சீனாவில் அதற்குக் கொடுக்கும் விலையைக் கேட்டால் தலை சுற்றும். பூங்காவுக்குள் அதைத் தோண்டுவது குற்றம். ஆனால் அந்தப் பூங்கா எங்கள் தாத்தாக்களின் நிலம். வீட்டைப் பிரித்துப்போடச் சொல்லி, ஒரு தலைமுறையையே துரத்திவிட்டுத்தான் அதைப் பூங்கா ஆக்கினார்கள். இடுகாடுகள் மட்டும் இன்னும் உள்ளேயே கிடக்கின்றன. அதனால் எங்கள் ஹேக்லர் கோவ் ஊரில் பூங்காவுக்குள் தோண்டுகிறவனை யாரும் திருடன் என்று சொல்லமாட்டார்கள். அதை அரசாங்கத்திடம் போய்ச் சொல்கிறவர்களுக்குத்தான் பெயர் வேறு.

ஓமா கிரிக்ஸ்பி போய்ச் சொன்னாள். ஒரு ஜூன் மாதம், காலை பத்து மணிக்கு எங்கள் கதவைத் தட்டினாள். கழிப்பறையைக் கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவளுக்கு அப்போது அறுபத்தெட்டு வயது, புருஷன் ஹர்லன் போய் ஆறு வருஷம். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“எங்க மேட்டுச் சரிவுல குட்டிச்செடி எல்லாத்தையும் ஒருத்தன் புடுங்கிட்டான். காய்கூட இன்னும் பழுக்கல. ரெண்டு இலைச் செடியைக்கூட விடல.”

“யாருன்னு தெரியுமா?” என்றார் ரோலண்ட்.

“என் தங்கச்சி மவன். டேரல்.”

அந்தச் சரிவில் நாற்பது வருஷமாக அவளும் ஹர்லனும் தோண்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அதுவும் குற்றம்தான், ரோலண்டுக்கும் தெரியும். ஆனால் செப்டம்பரில்தான் தோண்டுவார்கள், வயசான செடியைத்தான் தொடுவார்கள், சிவப்புப் பழத்தை அதே குழியில் புதைத்துவிட்டுத்தான் நகர்வார்கள். ஓமாக்கா இன்னொன்றும் செய்வாள். மழை விதையை அடித்துக்கொண்டு போகாமல் இருக்க, குழிக்கு மேட்டுப்பக்கமாக ஒரு தட்டைக் கல்லைச் செங்குத்தாகச் செருகி வைப்பாள். எங்கள் ஊரில் வேறு யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது. சரிவில் அப்படி ஒரு கல்லைப் பார்த்தால், இது ஓமா தோண்டிய இடம் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்.

“ஒண்ணே ஒண்ணு. என் பேரு வெளிய வரக்கூடாது. இந்த ஊருல எனக்கு இருக்கிறது அந்தத் தங்கச்சி ஒருத்திதான்.”

ரோலண்ட் எழுந்து நின்று நெஞ்சில் கை வைத்தார். “என் வாயிலேருந்து உங்க பேரு ஒருநாளும் வராது, மிஸ் ஓமா.”

என்னையும் பார்த்தாள். “நான் வாயைத் திறக்க மாட்டேங்கா” என்றேன். நான் திறக்கவும் இல்லை.

அப்புறம் ரோலண்ட் சரிவில் மிச்சமிருந்த செடிகளின் வேரைச் சுற்றி மண்ணைச் சுரண்டி ஒரு சாயப்பொடியைத் தூவினார். கழுவினாலும் போகாது, வேரோடு ஊறிவிடும். அவள் கல்லைப் பார்த்துப் பார்த்துத்தான் செடியைக் கண்டுபிடித்தார். செப்டம்பரில் டேரல் ஒரு சாக்கு நிறையக் கிழங்கை வியாபாரியிடம் கொண்டுவந்தான். வேரில் ஊறிய சாயத்தால் எடைத் தராசிலேயே பிடிபட்டான், ஆறு மாதம் உள்ளே போனான். கெட்ட நேரம் என்று ஊர் பேசிக்கொண்டது. சிறைக்கு அவனைப் பார்க்கப்போன அவன் அம்மா லியோட்டாவுக்குத் துணையாக ஓமாக்காதான் வண்டி ஓட்டிக்கொண்டு போனாள்.

அத்துடன் முடிந்திருக்க வேண்டியது.

அடுத்த வசந்தத்தில் டேஃப்னி வின்ஸ்லோ வந்தாள். நாவலாசிரியை. கழுத்தில் இரண்டு கண்ணாடி, கையில் தோல் உறை போட்ட நோட்டு, காலில் இதுவரை சேறு பார்க்காத பூட்ஸ். கதவைத் தட்டினாள். “இடதுபக்கம்” என்றேன் நிமிராமலே.

“இல்லைங்க, நான் மிஸ்டர் ஸ்டக்கியைப் பாக்க வந்தேன். எஃப்.பி.ஐ. எல்லாம் வாசகர்களுக்குச் சலிச்சுப் போச்சு. தபால்ல துப்பறியறவங்க, மீனுக்குத் துப்பறியறவங்க, இப்படி அரசாங்கத்துல யாருக்குமே தெரியாத ஆட்களைத் தேடித் தேடித்தான் ஒவ்வொரு நாவலா எழுதறேன். உங்க பிரிவை இன்னும் ஒருத்தரும் தொடல!”

உள்ளே நாற்காலி விழுந்த சத்தம் கேட்டது. ரோலண்ட் அவ்வளவு வேகமாக எழுந்து அன்றுதான் பார்த்தேன்.

பத்து நாள் இருந்தாள். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. புதுத் தொப்பி வாங்கினார். ஐம்பத்து மூன்று வயசில் வயிற்றை எக்கிக்கொண்டு நடந்தார். தடயப் பொருள் வைக்கும் குளிர்பெட்டியைத் திறந்து, காய்ந்துபோன முள்ளங்கி மாதிரி இருந்த கிழங்குகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். அவள் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, “பிணம் ஏதாச்சும் கிடைச்சதுண்டா?” என்று கேட்டாள்.

“ஒரு தடவை… ஒரு பன்னி.”

“மனுஷப் பிணம்?”

“இதுவரைக்கும் இல்ல மேடம்” என்றார், தன் தப்புதான் என்பதுபோலக் குரலைத் தாழ்த்தி. நான் என் தட்டச்சுப் பொறியைப் பலமாகத் தட்டினேன்.

சாப்பாட்டுக் கடையில் மூலை மேஜை இவர்களுடையதானது. அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். ஒருநாள் வெளியே வரும்போது பிடித்து நிறுத்தினேன்.

“துப்பறியும் ஐயா, வாய் எங்கெல்லாம் போகுது?”

“பயப்படாதீங்க மிஸ் வெர்டா. ஒரு பேரும் சொல்லல. தங்கச்சி மகனைப் பேரன்னு மாத்தச் சொல்லிட்டேன், ஊரையே மாத்தச் சொல்லிட்டேன். சாட்சியைக் காப்பாத்த எனக்குச் சொல்லித் தரணுமா? இதுக்குன்னே பயிற்சி எடுத்தவன் நான்.”

பெயர், முகவரி, பிறந்த தேதி, வண்டி எண். பயிற்சியில் ஓர் ஆளை அடையாளம் காண அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது அவ்வளவுதான். அது எல்லாவற்றையும் மாற்றியாகிவிட்டது, எனவே ஆள் பத்திரம். சமவெளியிலிருந்து வந்தவர்கள் இதற்கு மேல் யோசிப்பதில்லை.

இலையுதிர்காலத்தில் கையெழுத்துப் பிரதி தபாலில் வந்தது. பிழை இருந்தால் திருத்தித் தரச் சொல்லிக் கேட்டிருந்தாள். மூன்று வாரம் அரசாங்க வேலை ஒன்றும் நடக்கவில்லை. சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து துப்பாக்கியின் ரகத்தைத் திருத்தினார், கைது விண்ணப்பத்தின் எண்ணைத் திருத்தினார், சாயப்பொடியின் நிறத்தைத் திருத்தினார். முடித்துவிட்டுக் கட்டோடு கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்.

“நீங்க ஒரு தடவை பாத்துடுங்களேன். நீங்க இந்த ஊரு.”

“குப்பை படிக்கிறதுக்கு எனக்குச் சம்பளம் தரல.”

“ஒன்பதாவது அத்தியாயம் மட்டுமாவது…”

“ரோலண்ட், உங்களுக்குக் கதாநாயகன் ஆகணும்னா ஆகுங்க. எனக்கு எதுக்குங்க இந்தக் கருமம்?”

என் பேச்சு எனக்கே பிடித்திருந்தது. அன்று முழுக்க உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். அவர் கட்டைத் திரும்ப எடுத்துப்போய் ஒரு நகலை அலமாரியில் வைத்துவிட்டு, மற்றதை அனுப்பினார்.

புத்தகம் ஏப்ரலில் வந்தது. நம்ம ஊரைப் பற்றி ஒருத்தி எழுதியிருக்கிறாளாம் என்று ஹேக்லர் கோவே வாங்கியது. வருஷத்துக்கு ஒரு விதைப் பட்டியல் தவிர எதையும் படிக்காதவர்களெல்லாம் வாங்கினார்கள். ரோலண்ட் ஆறடி உயரமாகி, கன்னத்தில் தழும்போடு வந்திருக்கிறார் என்று கடையில் ஒரே சிரிப்பு. ஒருவாரம்தான். அப்புறம் சிரிப்பு நின்றது. மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்க்கும் ஒருவன், புத்தகத்தில் ஓர் இடத்தை விரலால் தொட்டபடி அந்தக் கல் விஷயத்தைச் சத்தமாகப் படித்தான். பேரனைக் காட்டிக்கொடுத்த கிழவி. அவள் தோண்டிய குழிக்கெல்லாம் மேட்டுப்பக்கம் ஒரு தட்டைக் கல். கடையில் யாரும் ஒரு பெயரும் சொல்லவில்லை. தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

அந்த நாவலில் நூற்று எண்பதாம் பக்கத்தில் கிழவியைக் கொன்றுவிடுகிறார்களாம். பிணம் வேண்டுமே அந்த நாவலாசிரியை அம்மாவுக்கு!

எங்கள் ஊரில் யாரும் யாரையும் தொடவில்லை. மே கடைசி ஞாயிறு இடுகாட்டை அலங்கரிக்கும் நாள். அன்று மட்டும் பூங்காவுக்குள் வண்டிவிட அனுமதி உண்டு. குடும்பம் குடும்பமாகப் போய்ப் புல்லை வெட்டி, கல்லறைகள்மேல் மண்ணை மேடுகட்டி, ஒவ்வொன்றிலும் பூ வைப்போம். சொந்தம், சொந்தமில்லாதது என்று பார்ப்பதில்லை. பெயர் தெரியாத குழந்தைக்கும் பூ உண்டு. அப்புறம் நீளப் பலகையில் சாப்பாடு.

ஓமாக்காவுக்கு வண்டி பழுதாகித் தாமதமாகிவிட்டது. அவள் வந்தபோது பூ வைத்து முடித்திருந்தார்கள். அறுபத்து நான்கு கல்லறைகளில் அறுபத்து மூன்றில் பூ இருந்தது. ஹர்லன் கிரிக்ஸ்பியின் கல்லறைமேல் புல்லைக்கூட வெட்டவில்லை.

அவள் கையிலிருந்த கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கையாலேயே புல்லைப் பிடுங்கினாள். பிறகு தன் கோழிக்கறிப் பாத்திரத்தைக் கொண்டுபோய்ப் பலகையில் வைத்தாள். லியோட்டா அந்தப் பாத்திரத்தை எடுத்து, மூடியைச் சரியாக மூடி, பலகைக்குக் கீழே புல்லில் வைத்தாள்.

“லியோட்டா…”

“எம்மவன் உள்ளே இருக்கறப்ப எங்கூட உக்காந்து அழுத இல்ல? வாரா வாரம் வண்டி ஓட்டிட்டு வந்து அழுத.” அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றுவரைக்கும் பேசவில்லை.

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். ஓமாக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கலாம். என் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை ரோலண்டைக் கிழித்துத் தொங்கவிட்டேன்.

“நான் பேரே சொல்லலையே மிஸ் வெர்டா!” என்றார். “ஒரு கல்லு. வெறும் கல்லு. கல்லை வெச்சு யாரு கண்டுபிடிப்பாங்க?”

“யோவ், அந்தக் கல்லை வெச்சுத்தானய்யா நீ செடியைக் கண்டுபிடிச்ச!”

அவர் உட்கார்ந்துவிட்டார். எனக்கு இரக்கம் வரவில்லை. துப்பறியத் தெரிந்த ஆளுக்கு இதுகூடத் தெரியாதா என்று அருவருப்பாகத்தான் இருந்தது.

அப்படியும் செப்டம்பரில் டேஃப்னி ஊர் நூலகத்துக்குக் கையெழுத்துப் போட வந்தபோது, கூப்பிட்ட குரலுக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். புதுத் தொப்பியோடு. உட்காராமல் இருக்க முடியவில்லை அந்த மனுஷனால். கேக் வெட்டிப் பரிமாறும் பொறுப்பை நூலகத்தில் என் தலையில் கட்டியிருந்தார்கள். வந்ததில் பாதிக்குமேல் வெளியூர் ஜனம். டேஃப்னி அவர் தோளில் கை வைத்து, “என் நிஜக் கதாநாயகன் இவர்தான்” என்றாள். கைதட்டினார்கள். பதினோரு வருஷம் காத்திருந்த கைதட்டல். அவர் காது சிவந்து போனது.

வரிசையில் ஓமாக்கா நின்றுகொண்டிருந்தாள். கையில் புத்தகம். முறை வந்ததும் டேஃப்னி பேனாவைத் திறந்துகொண்டு பல்லைக் காட்டினாள்.

“யாரு பேருக்குப் போடட்டும்மா?”

“நீங்க வேணாம். அவரு போடட்டும்.” புத்தகத்தை விரித்து ரோலண்டின் முன்னால் வைத்தாள். ஒன்பதாம் அத்தியாயம். ஒரு வரியின்மேல் விரலை ஊன்றினாள். “இங்க.”

“மிஸ் ஓமா, நான் உங்க பேரை…”

“என் பேரைத்தான் எங்கயும் போடல, தெரியும். உங்க பேரையாச்சும் போடுங்க.”

டேஃப்னி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்போதும் அவளுக்குப் புரியவில்லை. ஏதோ ருசியான காட்சி என்று மட்டும் தோன்றியிருக்க வேண்டும், கை நோட்டைத் தேடியது. ரோலண்ட் கையெழுத்துப் போட்டார்.

“கதைல என்னைச் சாகடிச்சுட்டீங்களாமே. இங்க அதைக்கூடச் செய்யல யாரும்” என்று சொல்லிவிட்டு ஓமாக்கா புத்தகத்தை மூடினாள்.

கேக் மேஜைப் பக்கம் வந்தாள். ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று, என் வழக்கமான திமிரில் வாய் தானாகச் சொல்லிவிட்டது:

“விடுங்கக்கா. இந்தக் குப்பையெல்லாம் நான் படிக்கிறதே இல்ல.”

“தெரியும்” என்றாள். “முன்னாடியே உன்கிட்ட குடுத்தாராமே. நீ இந்த ஊருன்னு பாக்கச் சொன்னாராமே. வீட்டுக்கு வந்து சொல்லி அழுதாரு.”

நான் நீட்டிய கேக்கை வாங்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். அக்டோபரில் வீட்டைப் பூட்டிவிட்டு நாக்ஸ்வில்லில் மகளோடு இருக்கப் போனாள். அந்த வருஷம் அவள் சரிவுக்குப் போகவே இல்லை.

அன்றைக்கு நூலகத்திலிருந்து நேராக அலுவலகம் போய் அலமாரியைத் திறந்து அந்த நகலை எடுத்தேன். முழுதும் படித்தேன். குப்பைதான். மூடுபனி இருந்தது, பிணம் இருந்தது. ஒன்பதாம் அத்தியாயத்தில் கைது விண்ணப்பத்தின் எண் திருத்தப்பட்டிருந்தது. அதற்குக் கீழே தட்டைக் கல் வருகிற வரிக்குப் பக்கத்தில், சிவப்பு மையில் ஒரு சரிக்குறி. அது அத்தியாயத்தின் நாலாவது வரி. படிக்க எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.